வலது பக்கம் சொல்ல வேண்டிய வரி

எக்கா, அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு எதுக்குச் செரமப்படுதிய? இங்ஙன என் கால் பக்கத்துல வைங்க. முட்டையா? சரி சரி, அப்ப மடியிலேயே இருக்கட்டும்.

ஒங்க மவ எந்தக் காலேஜுல சேருதான்னு சொன்னிய? அட! நம்ம காலேஜா? கம்ப்யூட்டரா? எக்கா, நான் அங்ஙனதான் வேல பாக்கேன். கிரேஸ் மிஸ்னு கேட்டா கேட்டுல நிக்க வாட்ச்மேன்கூடச் சொல்லுவான். என்ன, மொகம் ஒரு மாதிரி ஆகுது? என் பேரக் கேள்விப்பட்டிருக்கியளா? என்ன கேள்விப்பட்டிய, சும்மா சொல்லுங்க. அந்தப் பிராக்டிகல் பரிச்ச கததான? நெனச்சேன். ஊருக்குள்ள அது கை கால் மொளச்சு ஓடுது. நடந்தது என்னன்னு நானே சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. பஸ்ஸு போய்ச் சேர நேரம் கெடக்கு.

மொதல்ல இந்த லூப்பு என்னன்னு சொல்லிருதேன், இல்லன்னா ஒங்களுக்குத் தல வால் புரியாது. ஒன்னுமில்லக்கா. ஒரே வேலைய மெசினத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது, அதான் லூப்பு. ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் எழுதிக் காட்டுன்னு மெசினுக்குச் சொல்லணும். அதுக்கு நாலே நாலு வரி. ஒன்னுல ஆரம்பி. பத்து முடியுற வரைக்கும் விடாத. இப்ப கையில இருக்கிற நம்பர எழுது. அதுகூட ஒன்னு கூட்டு. கூட்டுனதும் மெசின் மறுபடி மேல போயி மறுபடி எழுதும், மறுபடி கூட்டும். அம்புட்டுத்தான்.

எதுக்குக் கூட்டணுமா? நீங்களும் ஆரம்பிச்சிட்டியளா! பாடத்துல கூட்டுன்னு இருக்கு, கூட்டுதோம். இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?

அந்த நாலு வரிய பிள்ளைய மண்டையில ஏத்துறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! லேபுல பாதி மெசின் ஓடாது. ஓடுற மெசின் முன்னால எல்லாரையும் உக்கார வைக்க முடியாது. கிராமத்துப் பிள்ளைய, இங்கிலீசக் கண்டாலே நடுங்குதுவ. யோசிச்சேன். எங்க கோயில்ல ஞாயித்துக்கெழம பைபிள்ல இருந்து சங்கீதம் வாசிப்போம். ஆம்பளைய பக்கம் ஒரு வசனம், பொம்பளைய பக்கம் ஒரு வசனம், மாத்தி மாத்தி. சின்னப் பிள்ளையிலருந்து வாசிச்சு வாசிச்சு எனக்கெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். அதே மாதிரி கிளாசையும் ரெண்டாப் பிரிச்சேன். இடது பக்கம் பெஞ்சு, வலது பக்கம் பெஞ்சு. நான் நடுவுல நின்னு கையக் காட்டுவேன்.

இடது பக்கம்: "இன்ட் ஐ ஈக்வல் டு ஒன்!"

வலது பக்கம்: "வைல் ஐ லெஸ் தேன் ஆர் ஈக்வல் டு டென்!"

இடது: "பிரின்ட் ஐ!"

வலது: "ஐ பிளஸ் பிளஸ்!"

அதான் அந்த ஒன்னு கூட்டுற வரி, ஐ பிளஸ் பிளஸ். எக்கா, நீங்க கேட்டிருக்கணும். பக்கத்து கிளாஸ் மிஸ்ஸெல்லாம் வராந்தாவுல வந்து நின்னு கேப்பாவ. ஒரு சுருதி பெசகாது. வருசம் பூரா, தெனமும் மொத பீரியடு, அதே நாலு வரி. நான் வாயே தொறக்க வேண்டாம். கைய மட்டும் இப்பிடி நீட்டுனா போதும், பாட்டு மாதிரி வந்து விழும். பிரின்ட் ஐயச் சொன்னதும் இடது பக்கத்துக்காரிய வேல முடிஞ்சுதுன்னு நோட்ட மூடிருவாளுவ, வலது பக்கத்துக்காரியதான் கடசி வரைக்கும் கேட்டுக்கிட்டு நிப்பாளுவ.

அதுல ஒருத்தி மட்டும் சேரல. இசக்கியம்மாள்னு பேரு. அப்பா வாழத்தாரு லாரிக்கு லோடு ஏத்துதவரு. நல்ல பிள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா வாயி. இடது பக்கத்துல உக்காந்திருந்தா. ஒரு நாளு எந்திரிச்சு, "மிஸ், அந்தக் கடசி வரி எதுக்கு மிஸ்? அத எடுத்துட்டா என்ன ஆவும்?"ன்னா.

"அது வலது பக்கத்துக்காரிய வரி. ஒனக்கு எதுக்குட்டி? ஒன் வரியச் சொல்லு"ன்னேன். நியாயந்தான?

அன்னைக்கு மத்தியானம் லேபுல என்ன செஞ்சிருக்கான்னா, வேணும்னே அந்த வரிய எடுத்துட்டு ஓட விட்டுருக்கா. மெசின் ஒன்னு, ஒன்னு, ஒன்னுன்னு எழுதுது. நிக்கவே மாட்டேங்கு. ஸ்கிரீன் பூராவும் ஒன்னு, மேல மேல ஏறிப் போயிக்கிட்டே இருக்கு. ஓடிப் போயி மெயின் சுவிட்சையே அணச்சுட்டேன். அவ என்னடான்னா ஈன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கா. "மிஸ், பாத்தியளா, நகரவே மாட்டேங்கு!"ன்னு சந்தோசமாச் சொல்லுதா. எனக்கு எப்பிடி இருக்கும்? மெசினு கெட்டா என் சம்பளத்துலலா பிடிப்பாவ!

"இனிமே என் கிளாசுல நீ வாயத் தொறக்கப்பிடாது. பொறத்தால போயி நில்லு"ன்னு நிறுத்திட்டேன். அதுக்குப் பெறகு எல்லாரும் பாடும்போது அவ மட்டும் பின்சொவத்துல சாஞ்சு நிப்பா. சும்மா வெறிச்சுப் பாத்துக்கிட்டு. அவளுக்கு என்ன ஏறியிருக்கப் போவுது? நான் தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்.

இப்ப என் கதைக்கு வாரேன். நான் அங்க டெம்ப்ரவரி, எக்கா. வருசா வருசம் ஜூன்ல ஆர்டர் தருவாவ. அதே தாளு, அதே வாசகம், தேதி மட்டும் வேற. ஏப்ரல்ல முடிஞ்சிரும், மறுபடியும் ஜூன்ல போயி ஆபீஸ் வாசல்ல நிக்கணும். எனக்குப் பொறவு வந்தவளுவ எல்லாம் பெர்மனன்ட் ஆகி, லோன் போட்டு வீடும் கட்டிட்டாளுவ. போன வருசம் எங்க பிரின்சிபால் தர்மசீலியம்மா என்னக் கூப்பிட்டுவிட்டாவ. "கிரேஸ், இந்தப் பிராக்டிகல்ல ஒரு பிள்ளகூட விழாமப் பாத்துக்கோ. பெர்மனன்ட் ஆக்கச் சொல்லி கமிட்டிக்கு ஒன் பேர நானே எழுதுதேன்"ன்னாவ. அந்த ராத்திரி நான் முட்டிபோட்டு ஜெபம் பண்ணுனேன் பாருங்க, அப்பிடி என் கல்யாணத்துக்குக்கூடப் பண்ணல.

பரிச்ச அன்னைக்கு வெளிக் காலேஜுல இருந்து எக்ஸ்டர்னல்னு ஒருத்தர் வருவாரு. மார்க்கு அவரு கையிலதான். வந்தவரு பேரு குருபரன், மதுரப் பக்கம். எக்ஸ்டர்னலுன்னா எங்களுக்கு மாப்பிள்ள வந்த மாதிரி. வந்ததும் எளநி, பதினோரு மணிக்கு வட காப்பி, மத்தியானம் ஓட்டல்ல இருந்து பிரியாணி. வயிறு குளுந்தா கை குளுரும்னு ஒரு நம்பிக்கதான். இந்த மனுசன் எளநிய வாங்கி ஓரமா வச்சுட்டு, "மொதல்ல பரிச்ச"ன்னுட்டாரு.

ஓடாத மெசினையும் பரிச்சைக்குன்னு சரி பண்ணி, பிள்ளையள ரிஜிஸ்டர் நம்பர்படி உக்கார வச்சாவ. இடது வலதுன்னு இல்லாம கலந்து கலந்து. கேள்விய போர்டுல எழுதிப் போட்டாரு. ஒன்னுல இருந்து பத்து வரைக்கும். எக்கா, எனக்கு உயிரு வந்துச்சு! நம்ம பாட்டு! தர்மசீலியம்மா வாசல்ல வந்து எட்டிப் பாத்தாவ. நான் கட்டவிரலத் தூக்கிக் காட்டுனேன்.

டக்கு டக்குன்னு தட்டுதாளுவ. கொஞ்ச நேரந்தான். மூலையில ஒரு மெசினு ஓட ஆரம்பிச்சுது. ஒன்னு, ஒன்னு, ஒன்னு. "மிஸ், நிக்க மாட்டேங்கு மிஸ்"னு ஒருத்தி அழுதா. நான் அவகிட்டப் போறதுக்குள்ள பொறத்தால இன்னொன்னு. ஜன்னல் பக்கம் ஒன்னு. ஒரு மெசின் ஓடுது, பக்கத்து மெசின் பத்தோட ஒழுங்கா நிக்கு, அதுக்கடுத்தது ஓடுது. பாதி லேபு ஒன்னு ஒன்னுன்னு ஓடுதுக்கா! மெயின்கிட்டப் போயிட்டேன், சுவிட்சுல கை வைக்கப் போறேன், "மேடம், அதத் தொடாதீங்க"ன்னு ஒரு சத்தம். குருபரன் சாரு.

அவரு ஒவ்வொரு மெசினாக் குனிஞ்சு பாத்தாரு. கடசியா என்கிட்ட வந்து நின்னாரு.

"ஒரே வரி. ஓடுற மெசின் எல்லாத்துலயும் அந்த ஒரே வரிதான் இல்ல. எப்பிடி மேடம்?"

எனக்கு ஒடனே ஞாபகம் வந்துட்டு. ஒன்னு ஒன்னுன்னு ஓட விட்டவ யாரு? எடுத்தா என்ன ஆவும்னு கேட்டவ யாரு? திரும்பிப் பாக்கேன், இசக்கியம்மா மெசின்ல ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் அழகா நிக்கு! அவளும் இடது பக்கத்துக்காரிதான். ஓடுதது பூராவும் இடது பக்கத்துக்காரிய மெசினு, இவ மெசினு மட்டும் ஓடல. நீங்களா இருந்தா என்ன நெனப்பிய?

"சார், இவதான். இவ முன்னாடியே இப்பிடி ஒருக்க மெசினக் கெடுத்தவ. இவதான் எல்லார்துலயும் அழிச்சிருக்கணும்"னு சொன்னேன். தர்மசீலியம்மாவும் உள்ள வந்துட்டாவ. சத்தமாத்தான் சொன்னேன், மறைக்கல.

எக்ஸ்டர்னல் நெனச்சா டீபார் பண்ணலாம். அப்பிடின்னா பரிச்சையே எழுத விடாம வெளிய அனுப்பிருவாவ, ரெண்டு வருசம் போச்சு. இசக்கியம்மா எந்திரிச்சு நின்னா. மொகம் வெளுத்துப் போச்சு. ஒரு நிமிசம் எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா என் பொழப்பு என்ன ஆவுறது? அத யாரு பாப்பா?

குருபரன் சாரு அவள ஒரு பார்வ, என்ன ஒரு பார்வ பாத்தாரு. "சரி மேடம். அழிச்சது யாருன்னு பெறகு பாப்போம். இந்த மெசின்ல உக்காந்து அந்த விட்டுப்போன வரிய நீங்க போட்டுக் காட்டுங்க. ஓடுறது நிக்குதான்னு பாப்போம்"னாரு.

நாற்காலிய அவரே இழுத்துப் போட்டாரு. தர்மசீலியம்மா பாக்காவ. பிள்ளைய பாக்குதுவ. அழுதுக்கிட்டிருந்தவகூட அழுகைய நிறுத்திட்டுப் பாக்கா. நான் போட்டுக் காட்டியிருப்பேங்க்கா. உக்காரத்தான் போனேன். அதுக்குள்ள அந்தப் பிள்ள முந்திக்கிட்டா.

"சார், மிஸ்ஸுக்குத் தெரியும் சார். எனக்குத் தனியாச் சொல்லித் தந்தாவ. ஒன்னு கூட்டலன்னா அது நகராது, நின்ன எடத்துலேயே நிக்கும்னு மிஸ்ஸுதான் எனக்கு ஓட்டிக் காட்டுனாவ. இவளுவ பயத்துல விட்டுட்டாளுவ சார். இன்னொரு தடவ குடுங்க, எழுதிருவாளுவ."

கேட்டியளா? பச்சப் பொய்! நான் எப்ப அவளுக்குத் தனியாச் சொல்லிக் குடுத்தேன்? நான் அவள வருசம் பூரா பின்சொவத்துலலா நிறுத்தி வச்சிருந்தேன்! எல்லாரு முன்னாடியும், அதுவும் தர்மசீலியம்மா முன்னாடி, நான் ஒருத்திக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ணி ஊட்டிவிட்ட மாதிரி ஆக்கிட்டா. அந்த எடத்துல இல்லன்னு சொல்லவும் முடியல. சொல்லியிருந்தா அந்த நாற்காலியில உக்காந்திருக்கணும். இல்ல, உக்காரதுக்கு எனக்கு என்ன பயம்? மரியாதைக்காகத்தான் பேசாம இருந்தேன்.

குருபரன் சாரு நம்புன மாதிரி எனக்குத் தெரியல. "சரிம்மா. ஒங்க மிஸ்ஸுக்குத் தெரியும்னு நீ சொல்லுத. ரெண்டு மணிக்கு மறுபடி வைக்கேன்"னு மட்டும் சொன்னாரு.

இதோ, கேட்டு போட்டுட்டான் பாருங்க. ரயிலு போனாத்தான் நகரும். சரி, ஒங்களுக்கு எறங்குறதுக்குள்ள முடிச்சிருதேன்.

மத்தியானம் நான் அவருக்குப் பிரியாணி பரிமாறிக்கிட்டு நிக்கேன். வெங்காயப் பச்சடி வைங்க, முட்ட வைங்கன்னு கை பாட்டுக்கு வேல செய்யுது, மனசு பூராவும் வெளிய. ஜன்னல் வழியா எட்டிப் பாக்கேன். சைக்கிள் ஸ்டாண்டுல அந்த இடது பக்கத்துக்காரியள இசக்கியம்மா வரிசையா நிக்க வச்சிருக்கா. நாலு வரியையும் ஒவ்வொருத்தியும் தனியாச் சொல்லணுமாம். கடசி வரியச் சொன்னாத்தான் ஒரு எட்டு முன்னால வைக்கலாம். சொல்லாதவ நின்ன எடத்துலேயே நின்னு மறுபடி மொதல்ல இருந்து. ஒருத்தி ரொம்ப நேரம் நகராமலே நின்னா. பெறகு என்ன தோணுச்சோ, அவளாச் சிரிச்சுக்கிட்டு ஒரு எட்டு வச்சா. சுத்தி நின்னவளுவ எல்லாம் கை தட்டுதாளுவ. பரிச்ச நாளு அதுவுமா பாண்டி வெளையாட்டு! எனக்கு வந்த ஆத்தரத்துக்கு எறங்கிப் போயி ஏசியிருப்பேன். எக்ஸ்டர்னல விட்டுட்டு எப்பிடிப் போக? அவருகூட ஜன்னலப் பாத்துட்டாரு. பிரியாணிய அப்பிடியே கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. பாவம், ஆறிப் போச்சு.

ரெண்டு மணிக்கு எழுதுனாளுவ. ஒரு மெசினுகூட ஓடல. எல்லாம் பத்துல நின்னுட்டு. ஒரு பிள்ள விழல! பின்ன, ஒரு வருசமா நான் போட்ட அஸ்திவாரம்லா?

சாரு கார் ஏறும்போது என்னக் கூப்பிட்டாரு. நான் பாராட்டப் போறாருன்னு ஓடுனேன். "அந்தப் பிள்ளைக்குத் தனியாச் சொல்லிக் குடுத்தீங்கள்ல மேடம், இனி அதே மாதிரி எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. பாத்தியளா? அந்தப் பொய்யி எங்க வந்து கடிக்கின்னு! மறுநாளு தர்மசீலியம்மாவப் போயிப் பாத்தேன். "பாப்போம் கிரேஸ், அடுத்த வருசம் பாப்போம்"னாவ. மொகத்தப் பாத்துக்கூடச் சொல்லல. நான் பாத்ரூம்ல போயி அழுதேங்க்கா. ஒரு பிள்ள விழலியே, நான் கேட்டதக் குடுத்துட்டேனே! அந்த ஒரு பொய்யி எல்லாத்தையும் தின்னுட்டு.

ரிசல்ட்டு வந்த அன்னைக்கு இசக்கியம்மா முறுக்கு பொதிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தா. மெட்ராசுல வேல கெடச்சிருக்காம். "ஏன்ட்டி எம்மேல பொய் சொன்ன?"ன்னு மொகத்துக்கு நேரா கேட்டேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. "நீங்க அந்த நாற்காலியப் பாத்த பார்வ எனக்குத் தாங்கல மிஸ்"னா. எதுக்கு அப்பிடிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. போகும்போது, "மிஸ், ஒருக்க யாரும் இல்லாதப்ப நீங்களே ஒங்க கையால டைப் பண்ணிப் பாருங்க மிஸ்"னா. திமிரு! முறுக்க நான் வாங்கல.

ஆனாலும் சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. லீவு விட்ட மறுநாளு சாயங்காலம் லேபப் பூட்டப் போனேன். உக்காந்தேன். எனக்கு என்ன தெரியாதாக்கும்? அடிச்சேன். இன்ட் ஐ ஈக்வல் டு ஒன். சரி. வைல் ஐ லெஸ் தேன் ஆர் ஈக்வல் டு டென். சரி. பிரின்ட் ஐ. அதுக்கு அடுத்து... எக்கா, நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கைய வலது பக்கம் நீட்டுனேன். வழக்கம்போல, இப்பிடி. நீட்டிக்கிட்டே இருக்கேன். வலது பக்கம் வெறும் நாற்காலிதான் கெடக்கு. ஒரு சத்தம் இல்ல.

அப்பிடியே ஓட விட்டேன். ஒன்னு, ஒன்னு, ஒன்னு, ஒன்னு. ஸ்கிரீன் பூராவும். நான் நிறுத்தவே இல்ல, ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஏன்னு தெரியாம அழுக அழுகையா வந்துச்சு. பெறகு மெயின அணச்சுட்டு வந்துட்டேன்.

ஆனா அன்னைக்கு எனக்கு ஒன்னு நல்லாப் புரிஞ்சுச்சு. தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன். கடசி வரி வலது பக்கத்துக்காரியகிட்ட இருந்துச்சு, அதான் கோளாறு. இந்த வருசம் மாத்திட்டேன். இனிமே வலது பக்கம் ஆரம்பிக்கும், இடது பக்கம் முடிக்கும். ஜூன்ல ஆர்டரும் வந்துட்டு, இந்தா பையிலதான் இருக்கு. தர்மசீலியம்மாவும் அடுத்த வருசம் கட்டாயம் பாப்போம்னு சொல்லியிருக்காவ.

கேட்டத் தொறந்துட்டான். ஒங்க ஸ்டாப்பு வந்துரும், பைய நல்லாப் பிடிச்சுக்கிடுங்க. ஒங்க பிள்ள பேரு என்ன சொன்னிய? சரி, நம்ம பிள்ளன்னு ஆயிப் போச்சு, நான் பாத்துக்கிடுதேன். ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லிட்டு எறங்குங்க. அவள எந்தப் பக்கம் உக்கார வைக்கட்டும், இடது பக்கமா, வலது பக்கமா?